தற்காலிகம் என்பது எத்தனை நாள்?

கணிப்பொறியைப் பற்றித் தமிழில் வெளிவரும் கையேடுகளில் 'தற்காலிகம்' என்னும் சொல் அடிக்கடி வழங்குகிறது. தற்காலிகக் கோப்பு, தற்காலிக அடைவு, தற்காலிகச் சேமிப்பு என்று பல இடங்களில் அதைக் காண்கிறோம். ஆனால் அந்தக் காலம் எவ்வளவு, அது எப்பொழுது முடிகிறது, முடிந்ததென்று தீர்மானிப்பவர் யார் என்பவற்றைச் சொல்லும் கையேடு அரிது. அரசாங்க ஊழியர்களுக்கு இச்சொல் பழக்கமானதே. தற்காலிக நியமனம் என்றால் ஆணையில் ஒரு தேதி இருக்கவேண்டும். தேதி இல்லாத தற்காலிகம் ஓய்வு பெறும் நாள் வரையில் நீண்டதும் உண்டு. கணிப்பொறியில் அத்தகைய தாராளம் கிடையாது. அங்கே தேதி உண்டு. அது நம் கண்ணில் படாத ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் தொல்லை.

ஆசிரியர்களும் கள ஊழியர்களும் இன்று அலுவலகப் பணியில் ஒரு பகுதியை வீட்டுக் கணிப்பொறியிலேயே செய்து முடிக்கிறார்கள். மதிப்பெண் பட்டியல், மழை அளவுக் குறிப்பு, மண் மாதிரிகளின் விவரம், நோய் தாக்கிய பயிரின் படங்கள் ஆகியவை மாலையில் வீட்டில் பதிவு பெற்று மறுநாள் மேலிடம் செல்கின்றன. காலையில் அக்கணிப்பொறி தொடங்க மறுத்தாலும், தொடங்கிய பின் நேற்றைய கோப்பு காணாமற் போயிருந்தாலும் நேரும் நஷ்டத்தைப் பணத்தால் அளக்க முடியாது. மதிப்பெண் பட்டியலையாவது விடைத்தாள்களைக் கொண்டு மறுபடியும் தயாரிக்கலாம். ஜனவரி மாதத்துப் பனியை மே மாதத்தில் யார் அளப்பது?

இவ்வாறு நேரும்போது 'வைரஸ் புகுந்துவிட்டது' என்றும், 'வட்டு போய்விட்டது' என்றும் சொல்லிவிடுவது வழக்கம். இரண்டும் நேரக்கூடியவையே. ஆயினும் இவ்விரண்டும் அல்லாத ஒரு காரணம் பல சமயங்களில் இருக்கிறது. கணிப்பொறி தொடங்கும்பொழுது தானே இயங்கும் ஒரு கட்டளைத்தொடர், ஏதோ ஓர் அடைவை நம்பியிருக்கும். அந்த அடைவு காலியாகியிருக்கும், அல்லது நிரம்பி வழிந்திருக்கும், அல்லது அதன் அனுமதி மாறியிருக்கும். இம்மூன்றையும் கண்டறிய நிபுணர் தேவையில்லை. பொறுமையும், திரையில் வரும் வாக்கியத்தை முழுமையாக வாசிக்கும் பழக்கமும் போதும். இவற்றைக் கற்பிக்காமல், 'எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் நிறுவுங்கள்' என்று யோசனை சொல்லும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. அவ்வழக்கம் கைவிடப்பட வேண்டும் என்பது என் கருத்து.

விஷயத்தைத் தெளிவாகக் கூற லினக்ஸ் வகை இயக்க முறைமையையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'பாஸ்' என்னும் இயக்க முறைமை இவ்வகையைச் சேர்ந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது. கேரள அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்கள் கையாளும் கணிப்பொறிகளிலும் இவ்வகையே வழங்குகிறது. அன்றியும், தன் உள்வேலையைத் திறந்து காட்டுவதில் இதற்கு நிகரில்லை, கற்பிப்பதற்கு ஏற்றது.

தொடக்கக் கட்டளைத்தொடரும் தற்காலிக அடைவும் நேற்று இன்று சந்தித்தவை அல்ல. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் முறைமை, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969இல் தோன்றியது. 1979இல் வெளியான அதன் ஏழாம் பதிப்பில், கணிப்பொறி எழுந்தவுடன் 'ஆர்சி' என்னும் பெயருள்ள ஒரு கட்டளைத்தொடர் இயங்கியது. அதன் கடமைகளாகக் கையேட்டில் கூறப்பட்டவை மூன்று: தற்காலிகக் கோப்புகளை அகற்றுதல், கோப்பு முறைமைகளை இணைத்தல், பின்னணியில் ஓடவேண்டிய நிரல்களைத் தொடங்கிவைத்தல். காலையில் கடை திறப்பவர் முதலில் குப்பையைக் கூட்டுவதுபோல, தற்காலிகத்தைத் துடைப்பது முதல் கடமையாக இருந்தது. அந்த அடைவுக்கு டி, எம், பி என்னும் மூன்றெழுத்தே பெயர். இன்றளவும் அப்பெயரே நிலைத்திருக்கிறது. இங்கே 'டிஎம்பி' என்று குறிப்பிடுவேன்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான யூனிக்ஸ் பதிப்புகளில் ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. அக்காலத்தில் 'விஐ' என்னும் எழுத்துத் திருத்தி, தட்டெழுதப்படும் பக்கத்தை டிஎம்பி அடைவில் வைத்துக்கொண்டே வேலை செய்தது. மின்சாரம் நின்றால் அரைகுறைப் பக்கம் அங்கேயே கிடக்கும். மறுபடியும் கணிப்பொறி எழும்போது டிஎம்பி துடைக்கப்படும், பக்கமும் போய்விடும். ஆகவே தொடக்கக் கட்டளைத்தொடரில் இரண்டு செயல்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிவைத்தார்கள். முதலில், திருத்தியின் கோப்புகளைப் பத்திரமான வேறோர் அடைவுக்கு எடுத்துவைத்தல். அதன் பின்னரே டிஎம்பியைக் காலி செய்தல். எடுத்துவைத்த செய்தியை உரியவருக்கு ஒரு கடிதமாகவும் அனுப்பிவைத்தார்கள். இவ்விரண்டு வரிகளும் இடம் மாறியிருந்தால் பிழைச்செய்தி எதுவும் வராது. எல்லாம் ஒழுங்காக நடந்ததாகவே தோன்றும். எழுதியவரின் ஒரு நாள் உழைப்பு மட்டும் இருக்காது. தொடக்கக் கட்டளைத்தொடரில் எது சரி என்பதைவிட எது முன், எது பின் என்பதே பெரிய கேள்வி என்று மாணவர்களுக்குக் காட்ட இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி இக்காலத்து நிலைமைக்கு வருவோம். 2010 முதல் வளர்ந்துவந்த 'சிஸ்டம்டி' என்னும் நிரல் பெரும்பாலான லினக்ஸ் முறைமைகளில் பழைய ஆர்சியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஃபெடோரா 2011இலும், டெபியன் 2015இலும் அதை ஏற்றன. முன்பு வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக நடந்த வேலைகள் இப்போது பலவும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. அதனால் கணிப்பொறி விரைவில் எழுகிறது. ஆனால், வரிசையை நாம் வாய்விட்டுச் சொன்னால் ஒழிய அது காக்கப்படுவதில்லை. வலையமைப்பு வந்தபின் நேரத்தைச் சரிசெய்யவேண்டும், வட்டு இணைந்தபின் கோப்பை நகலெடுக்கவேண்டும் என்பவற்றையெல்லாம் அந்தந்தப் பணியின் குறிப்பில் எழுதியிருக்கவேண்டும். எழுதாவிட்டால் ஒரு நாள் நடக்கும், ஒரு நாள் நடக்காது. 'சில நாள் வேலை செய்கிறது, சில நாள் செய்வதில்லை' என்னும் புகாரைக் கேட்டவுடன் வரிசையைச் சந்தேகிப்பது நல்லது.

டிஎம்பி அடைவின் வாழ்விடமும் மாறிவிட்டது. முன்பு அது வட்டில் இருந்தது. 2013இல் வெளியான ஃபெடோரா 18 முதல் அம்முறைமையிலும், 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 முதல் அதிலும் டிஎம்பி நினைவகத்திலேயே அமைகிறது. நினைவகத்தில் அதிகபட்சம் பாதியை அது எடுத்துக்கொள்ளலாம். 4 ஜிபி நினைவகமுள்ள வீட்டுக் கணிப்பொறியில் டிஎம்பி 2 ஜிபிக்கு மேல் கொள்ளாது; வட்டில் நூறு ஜிபி காலியாக இருந்தாலும் கொள்ளாது. வகுப்பில் எடுத்த ஒரு நீண்ட காணொளியைச் சுருக்கும்போது 'இடமில்லை' என்று செய்தி வந்தால், வட்டின் அளவைக் காட்டி யந்திரத்தோடு வழக்காடிப் பயனில்லை.

இனி, அந்தத் தேதி. சிஸ்டம்டியை உருவாக்கியவர்கள் வகுத்த கணக்கின்படி, 10 நாள் எவராலும் தொடப்படாத கோப்பு டிஎம்பியிலிருந்து நீக்கப்படும். அதற்குத் தங்கையான 'வார்' என்னும் அடைவினுள் இருக்கும் மற்றொரு டிஎம்பியில் இக்கெடு 30 நாள். கணிப்பொறி தொடங்கி 15 நிமிடம் ஆனபின் ஒரு முறையும், அதன் பின் நாளுக்கு ஒரு முறையும் இத்துப்புரவு நடக்கிறது. புதிதாக நிறுவப்படும் டெபியன் 13 இக்கணக்கைப் பின்பற்றுகிறது. முந்திய டெபியன் பதிப்புகளில் நாட்கணக்கு இல்லை. தொடங்கும்பொழுது டிஎம்பி துடைக்கப்பட்டது, அவ்வளவுதான். ஆக, ஒரே பெயருள்ள அடைவு, ஒரே 'தற்காலிகம்'. ஒரு வீட்டில் அதற்கு 'அடுத்த தொடக்கம் வரை' என்று பொருள். அடுத்த வீட்டில் 'அணைக்கும் வரை அல்லது பத்து நாள், எது முந்துகிறதோ அது வரை' என்று பொருள்.

மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்கவேண்டும். மூடியை மூடினால் கணிப்பொறி அணைவதில்லை, உறங்குகிறது. நினைவகத்துக்கு மின்கலத்திலிருந்து மின்சாரம் சென்றுகொண்டேயிருக்கிறது. வாரக்கணக்கில் மூடித் திறந்தே பழகியவருக்கு டிஎம்பியில் இட்ட கோப்பு நேற்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நாளையும் இருக்கும் என்னும் நம்பிக்கை வளர்ந்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் மின்கலம் முற்றிலும் வடிந்துபோகிறது. அல்லது ஒரு புதுப்பிப்பு முடிந்து யந்திரம் மறுபடியும் தொடங்குகிறது. யந்திரம் விதிப்படிதான் நடந்தது. விதியைச் சொல்லித்தராதவர்களே இதற்குப் பொறுப்பு.

ஒரு கள ஊழியரை எண்ணிப் பார்ப்போம். மழைமானியிலிருந்து வரும் அளவுகளை வீட்டுக் கணிப்பொறியில் வாங்கிக்கொள்ள அவர் ஒரு சிறு கட்டளைத்தொடர் எழுதி, அது தொடக்கத்திலேயே இயங்கும்படி அமைத்திருக்கிறார். அளவுகள் டிஎம்பியில் சேர்கின்றன. வெள்ளிக்கிழமை தோறும் அவற்றைத் தொகுத்து வேறோர் அடைவுக்கு மாற்றுகிறார். பல மாதம் தொல்லையில்லை. டெபியன் 13க்கு மாறிய பின் ஒரு வியாழக்கிழமை இரவு மின்சாரம் நிற்கிறது. வாரத்தின் அளவுகள் போய்விட்டன. அவருடைய கட்டளைத்தொடரில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. இடம் தவறு, அவ்வளவே. அளவுகள் அவருடைய சொந்த அடைவில் சேர்ந்திருந்தால் மின்தடை அவற்றை ஒன்றும் செய்திருக்காது.

இதே ஊழியர் டெபியன் 13க்கு மாறிய அன்று முதன்முறையாகத் தொடங்கும்பொழுது வேறொரு வியப்பையும் காண்பார். பழைய டிஎம்பியில் கடைசியாக இருந்த கோப்புகள் எதுவும் தெரியாது. அவை அழிந்தனவா என்றால், இல்லை. வட்டில் உள்ள பழைய அடைவின்மேல் நினைவகத்தில் உள்ள புதிய அடைவு வந்து அமர்ந்துவிட்டது; பாய்க்கு மேல் சமுக்காளம் விரித்தாற்போல. வட்டின் மூல அடைவை வேறோர் இடத்தில் மறுமுறை இணைத்துப் பார்த்தால், அடியில் பழைய கோப்புகள் பத்திரமாக இருக்கக் காணலாம். இதை அறியாமல் வட்டை அழித்து மறுபடியும் நிறுவினால் என்ன ஆகும்? மறைந்திருந்தது அன்றுதான் உண்மையில் அழியும். முற்றிலும் அழித்துவிட்டு நிறுவும் யோசனையை நான் வெறுப்பதற்கு முதற்காரணம் இதுவே. அது கோளாற்றின் தடயத்தையும் அழிக்கிறது, காப்பாற்றக்கூடிய பொருளையும் அழிக்கிறது, ஒன்றும் கற்பிப்பதில்லை. அடுத்த மாதம் அதே கட்டளைத்தொடரை அதே இடத்தில் வைத்து அதே நஷ்டத்தை மறுபடியும் அடைகிறோம்.

தொடங்க மறுக்கும் கணிப்பொறியிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: எந்தப் படியில் நின்றுவிட்டாய்? மின்பொத்தானை அழுத்தியது முதல் வேலை மேசை தோன்றுவது வரையில் சில படிகள் உள்ளன. உள்ளமைந்த நிலைநிரல் வட்டைத் தேடுகிறது. ஏற்றுநிரல் கருநிரலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கருநிரல் முதல் நிரலான சிஸ்டம்டியை எழுப்புகிறது. அது வட்டுகளை இணைத்துப் பணிகளைத் தொடங்குகிறது. பிறகு நுழைவுத் திரை. அதன் பின் பயனரின் சொந்தத் தொடக்கக் கோப்புகள். திரை எழுத்தே இல்லாமல் கறுப்பாக இருந்தால் கோளாறு முதற்படிகளில் இருக்கிறது. கட்டளைத்தொடர்களைத் திருத்துவது வீண்வேலை. கடவுச்சொல் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டால் யந்திரத்தின் பெரும்பகுதி நலமாயிருக்கிறது என்று மகிழலாம்.

ஒரு வகைக் கோளாறு பலரைக் கலங்கச் செய்கிறது. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் திரை ஒரு கணம் இருண்டு, மறுபடியும் நுழைவுத் திரைக்கே திரும்பிவிடும். கடவுச்சொல் தவறென்று நினைத்து மணிக்கணக்கில் போராடுபவர்கள் உண்டு. உண்மையில் உள்ளே சென்ற பயனருக்கு ஒரு சிறு கோப்பை எழுத இடம் கிடைக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாயிருக்கும். கன்ட்ரோல், ஆல்ட் விசைகளுடன் எஃப்3ஐச் சேர்த்து அழுத்தினால் எழுத்து வடிவிலான நுழைவிடம் ஒன்று கிடைக்கும். அங்கே நுழைந்து 'டிஎஃப்' என்னும் கட்டளையை இட்டால் எந்த அடைவு நூற்றுக்கு நூறு நிரம்பியிருக்கிறது என்று தெரியும். இடம் இருந்தால் டிஎம்பியின் அனுமதியைப் பார்க்கவேண்டும். அது 1777 என்னும் எண்ணாக இருக்கவேண்டும். எவரும் எழுதலாம், ஆனால் பிறர் கோப்பை நீக்கக்கூடாது என்பதே அவ்வெண்ணின் பொருள். முதலில் நிற்கும் 1 அந்தக் காவலைக் குறிக்கிறது. யாரோ எங்கோ படித்ததை நம்பி எல்லா அடைவுகளின் அனுமதியையும் ஒரே கட்டளையில் மாற்றியிருந்தால் இவ்வெண் மாறியிருக்கும். இவையிரண்டும் சரியென்றால் புதிய பயனர் ஒருவரைச் சேர்த்து, அப்பெயரில் நுழைந்து பார்க்கலாம். புதியவர் நுழைய முடிந்தால் முறைமை நலம். கோளாறு பழைய பயனரின் சொந்தக் கோப்புகளில் இருக்கிறது. தேடவேண்டிய இடம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

வேறொன்று: கணிப்பொறி ஒன்றரை நிமிடம் அசையாமல் நின்று, பிறகு அவசர நிலை என்று சொல்லி நிற்கும். சிஸ்டம்டி ஒரு வட்டுக்காகக் காத்திருக்கும் வழக்கமான கெடு 90 வினாடி. வெளிவட்டு அல்லது பென்டிரைவ் ஒன்றைத் தொடக்கத்திலேயே இணைக்கும்படி எழுதிவைத்துவிட்டு, அதைக் கழற்றிப் பள்ளிக்கு எடுத்துச் சென்றிருப்பார்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்னும் குறிப்பை அந்த வரியில் சேர்த்திருந்தால் யந்திரம் காத்திராமல் தன் வழியே சென்றிருக்கும்.

இப்போது கட்டளைத்தொடருக்கே வருவோம். கையால் இட்டால் ஓடுகிறது, தொடக்கத்தில் ஓடுவதில்லை என்பதே எங்கும் கேட்கும் புகார். காரணங்கள் சில்லறைத்தனமானவை, அதனாலேயே கண்ணில் படாதவை. கோப்புக்கு இயங்கும் அனுமதி தரப்படவில்லை என்றால், பழைய 'ஆர்சி லோக்கல்' கோப்பு பேசாமல் தாண்டிச் செல்லப்படும். புகார் கூட எழாது. விண்டோஸ் கணிப்பொறியில் தட்டெழுதிக் கொண்டுவந்த கோப்பில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். லினக்ஸ் முதல் வரியிலேயே திகைத்து நிற்கும். நாம் கையால் இடும்போது நிரல்களைத் தேடும் பாதைகள் நிறைய இருக்கின்றன. தொடக்கத்தில் அப்பட்டியல் குறுகியது. ஆகவே நிரலின் முழு முகவரியையும் எழுதுவது நலம். 'ரன்' என்னும் அடைவு நினைவகத்தில் இருப்பதால் ஒவ்வொரு முறையும் அது வெறுமையாகவே பிறக்கிறது. அதனுள் முன்பு நாம் அமைத்த உள்ளடைவு இருக்கும் என்று எண்ணி எழுதிய கட்டளைத்தொடர் 'அப்படிப்பட்ட அடைவு இல்லை' என்று சொல்லி நின்றுவிடும். அடைவு இல்லாவிட்டால் அமைத்துக்கொள் என்று ஒரு வரி முதலில் எழுதினால் தீர்ந்தது.

இவற்றைவிட விசித்திரமான ஒன்றைச் சொல்லவேண்டும். ஒருவர் கட்டளைத்தொடரைத் தம் பெயரில் கையால் சோதித்துப் பார்க்கிறார். அது டிஎம்பியில் ஒரு குறிப்புக்கோப்பை உண்டாக்குகிறது. அக்கோப்புக்கு உரிமையாளர் அவர். பிறகு அதே தொடரைத் தலைமைப் பயனரின் பெயரில் ஒரு பணியாக இயக்குகிறார். 'அனுமதி இல்லை' என்று பதில் வருகிறது. சர்வ வல்லமையுள்ள தலைமைப் பயனருக்கே அனுமதி இல்லையா என்று வியப்போம். 2018இல் வெளியான லினக்ஸ் கருநிரல் 4.19இல் வந்த ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இது. பொது அடைவில் பிறர் விரித்துவைத்த கோப்பில் தலைமைப் பயனர் அறியாமல் எழுதிவிடக்கூடாது என்பது நோக்கம். டிஎம்பி தொடக்கத்தில் துடைக்கப்படாத கணிப்பொறியில் இக்கோளாறு மறுநாளும் நீடிக்கும். சோதனை செய்த செயலே கோளாற்றை உண்டாக்கியது என்பதை நினைத்தால் விஞ்ஞான ஆசிரியர்களுக்குச் சுவையாயிருக்கும். அளக்கும் கருவி அளக்கப்படும் பொருளைப் பாதிப்பதைப் பற்றி அவர்கள் வகுப்பில் சொல்லுவதில்லையா? ஒவ்வொரு முறையும் புதுப் பெயரில் தற்காலிகக் கோப்பை உண்டாக்கித் தரும் 'எம்கேடெம்ப்' என்னும் கட்டளையை உபயோகித்தால் இச்சிக்கல் எழாது.

மற்றொன்றும் இதற்கு உறவானது. சில பணிகளுக்குச் சிஸ்டம்டி தனி டிஎம்பி ஒன்றை ஒதுக்கித் தருகிறது. அப்பணி 'டிஎம்பியில் எழுதினேன்' என்று சத்தியம் செய்யும். நாம் டிஎம்பியைத் திறந்தால் ஒன்றும் இராது. இருவரும் உண்மையே சொல்கிறோம். ஒரே பெயருள்ள இரண்டு அறைகள் அவை.

இவ்வளவையும் எப்படிக் கண்டுபிடிப்பது? யந்திரமே எழுதிவைக்கிறது. 'ஜர்னல்சிடிஎல்' என்னும் கட்டளையோடு 'பி' என்னும் குறியைச் சேர்த்து இட்டால், இம்முறை தொடங்கியது முதல் நடந்தவையெல்லாம் நேரத்தோடு வரிசையாக வரும். குறியோடு கழித்தல் 1 என்று சேர்த்தால் முந்திய தொடக்கத்தின் குறிப்பு வரும். ஆனால் பதிவேடு வட்டில் சேமிக்கப்பட்டிருந்தால்தான் வரும். தோல்வியுற்ற பணிகளின் பட்டியலைத் தனியே கேட்டும் பெறலாம். கள ஊழியர்கள் நாட்குறிப்பு எழுதுகிறவர்கள். அதன் பயன் அவர்களுக்குத் தெரியும். வாசித்துப் பார்த்து, ஒரே ஒரு மாற்றம் செய்து, மறுபடியும் தொடங்கிப் பார்க்கவேண்டும். ஐந்து மாற்றங்களை ஒருங்கே செய்துவிட்டுக் கோளாறு நீங்கிற்று என்று மகிழ்கிறவர், எது நீக்கிற்று என்று அறியமாட்டார்.

'வீட்டில் கணிப்பொறி வைத்திருப்பவருக்கு இதெல்லாம் எதற்கு? மிதிவண்டி ஓட்டுபவர் உருக்காலையை அறியவேண்டுமா?' என்று சிலர் வினவுவர். உருக்காலையை அறியவேண்டியதில்லை, சங்கிலி கழன்றால் மாட்டத் தெரியவேண்டும். சிற்றூர்ப் பள்ளியிலிருந்து பழுது பார்க்கும் கடைக்குச் செல்ல அரை நாள் ஆகிறது. கடையில் பதிவேட்டை வாசிக்க நேரமில்லை. அழித்து நிறுவுவது அவர்களுக்கு எளிது, கூலியும் நிச்சயம். கடைக்காரரை நான் குறைகூற மாட்டேன். கோப்பு அவருடையதன்று.

விண்டோஸ் உபயோகிப்பவர்களுக்கும் இவை அன்னியமல்ல. அங்கே ஒவ்வொரு பயனருக்கும் தனித் தற்காலிக அடைவு உண்டு. அது தொடக்கத்தில் தானே துடைக்கப்படுவதில்லை. ஆகவே பல ஆண்டுகளின் குப்பை சேர்ந்து வட்டை நிரப்புவதே அங்கே பொதுவான நோய். 2017இல் விண்டோஸ் 10இல் வந்த சேமிப்புக் கண்காணிப்பு வசதி இயங்கும்போது பழைய தற்காலிகக் கோப்புகளைத் தானே அகற்றுகிறது. ஆசிரியர்கள் மிகவும் எச்சரிக்கையாயிருக்கவேண்டிய இடம் ஒன்று. மின்னஞ்சலோடு வந்த மதிப்பெண் பட்டியலைச் சேமிக்காமல் நேரே திறந்தால், சில மென்பொருள்கள் அதைத் தற்காலிக அடைவில் இறக்கித்தான் திறக்கின்றன. அதில் மாற்றங்கள் செய்து சேமித்தால் சேமிப்பது அங்கேதான். தொடக்கத்தில் தானே ஓடும் நிரல்கள் மிகுந்து கணிப்பொறி தள்ளாடினால், பாதியை நிறுத்திவைத்துப் பார்ப்பதும், கோளாறு எந்தப் பாதியில் இருக்கிறதோ அதை மறுபடியும் பாதியாக்குவதும் நல்ல வழி. பதினாறு நிரல்களில் குற்றவாளி ஒன்றே என்றால் நான்கு சோதனைகளில் அகப்பட்டுவிடும். கணித ஆசிரியர்கள் இதைக் கரும்பலகையிலேயே விளக்கலாம்.

மொழிபெயர்ப்போர் செய்யவேண்டியதையும் சொல்லியாகவேண்டும். கோப்புகளின் இருப்பிடம் பற்றிய பொது நியதி ஒன்று லினக்ஸ் உலகில் உண்டு. 2015இல் அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. டிஎம்பியில் உள்ளவை அடுத்த முறை இருக்கும் என்று எந்த நிரலும் நம்பலாகாது என்றும், வார் அடைவினுள் இருக்கும் டிஎம்பியில் உள்ளவை யந்திரம் மறுபடியும் தொடங்கினாலும் இருக்கவேண்டும் என்றும் அது வகுக்கிறது. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவதால் தமிழிலும் இரண்டையும் 'தற்காலிக அடைவு' என்றே எழுதிவருகிறோம். முன்னதை 'அணைப்புவரை அடைவு' என்றும், பின்னதை 'இடைக்கால அடைவு' என்றும் பெயரிட்டு, நாட்கெடு இருக்குமாயின் அதைப் பெயரின் அருகிலேயே எண்ணால் அச்சிடலாம் என்பது என் யோசனை. பத்து நாள், முப்பது நாள் என்று பெயரோடு சேர்ந்து கண்ணில் பட்டால், மழை அளவை அங்கே யாரும் வைக்கமாட்டார்கள். 'அணைப்புவரை' என்பது காதுக்குச் சற்றுக் கரடுமுரடாக இருப்பதை மறுக்கவில்லை. பள்ளிகளிலும் களத்திலும் இதைவிடப் பொருத்தமான சொல் ஒன்று ஏற்கெனவே வழங்குமாயின், அதையே எழுதிக்கொள்ளலாம். நாட்கெடுவை மட்டும் விட்டுவிட வேண்டாம்.